உரத்துப் பேசாத தலைவர்

மேடைத் தமிழே அரசியலாக விளங்கிய காலம் அது. கடலுக்கு இக்கரையில் அடுக்குமொழி கேட்பதற்காக மக்கள் நள்ளிரவு கடந்தும் திடல்களில் காத்திருந்தனர். அக்கரையிலோ, மெலிந்த உடலும் தாழ்ந்த குரலும் கொண்ட ஒருவர், நீதிமன்ற ஆங்கிலத்தில் பழகிய நாவுடன், ஈழத் தமிழரை ஏறத்தாழ 28 ஆண்டுகள் வழிநடத்தினார். அவரே தந்தை செல்வா என மக்கள் அழைத்த சா. ஜே. வே. செல்வநாயகம். சொல்லையே உடைமையாகக் கருதும் நம் வட்டத்தார்க்கு இம்மனிதரின் வாழ்வு சற்றே புதிராகத் தோன்றலாம்.

1898 மார்ச் 31இல் மலாயாவின் ஈப்போ நகரில் பிறந்தார். நான்கு வயதில் தாயுடன் யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழைக்கு வந்தார். தெல்லிப்பழையிலும் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் கல்வி. இலண்டன் பல்கலைக்கழகத்தின் அறிவியல் பட்டம். சிறிது காலம் ஆசிரியப் பணி. பின்னர் வழக்கறிஞர் தொழில். உரிமையியல் வழக்குகளில் பெயரும் பொருளும் ஈட்டினார். ஆவணத்தின் ஒவ்வொரு சொல்லையும் எடைபோடுவதே அவருடைய தொழில். பிற்கால அரசியலில் அவர் எழுத்தின்மீதும் கையொப்பத்தின்மீதும் வைத்த நம்பிக்கை இங்கே முளைத்தது என்பது என் கருத்து.

1944இல் ஜி. ஜி. பொன்னம்பலத்தின் தலைமையில் அமைந்த தமிழ்க் காங்கிரசில் சேர்ந்து, 1947இல் காங்கேசன்துறைத் தொகுதியில் வென்று நாடாளுமன்றம் புகுந்தார். அடுத்த ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. தேயிலைத் தோட்டங்களில் உழைத்த இந்திய வம்சாவளித் தமிழர் பல இலட்சம் பேர் அதனால் நாடற்றோர் ஆயினர். பின்வந்த சட்டங்கள் வாக்குரிமையையும் பறித்தன. கண்டிச் சீமை என்று சொல்லி நம் தென்மாவட்டங்களிலிருந்து கப்பலேறியவர்களின் மக்களும் பேரரும் அவர்களுள் இருந்தனர். பொன்னம்பலம் அமைச்சரானார். செல்வநாயகமோ கு. வன்னியசிங்கம், இ. மு. வி. நாகநாதன் ஆகியோருடன் விலகினார். தம் தொகுதியில் வாக்கில்லாத மக்களுக்காகத் தம் கட்சியைத் துறந்தார் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். 1949 டிசம்பர் 18இல் இலங்கைத் தமிழரசுக் கட்சி பிறந்தது. கூட்டாட்சியே அதன் கோரிக்கை.

1952 தேர்தலில் அவர் தோற்றார். வென்றவர் தஞ்சையில் பிறந்த தமிழறிஞர் சு. நடேசபிள்ளை. தமிழ் உரிமை கேட்டவர் தமிழ்ப் புலவரிடம் தோற்றதை எண்ணும்போது வியப்பே மிஞ்சுகிறது. கட்சிக்குக் கிடைத்தவை இரண்டே இடங்கள். 1956இல் அவர் தொகுதியை மீட்டார். கட்சி பத்து இடங்களைப் பெற்றது. கட்சியைத் தூக்கி நிறுத்தியது பேச்சன்று. சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று தென்னிலங்கையின் இரு பெருங்கட்சிகளும் போட்டியிட்டு முழங்கிய முழக்கமே.

அச்சட்டம் நாடாளுமன்றத்துக்கு வந்த 1956 ஜூன் 5 அன்று, காலிமுகத்திடலில் அறவழியில் அமர்ந்திருந்த தமிழரசுக் கட்சியினர் கும்பல்களால் தாக்கப்பட்டனர். பதினான்கு மாதங்களுக்குள், அச்சட்டத்தைக் கொண்டுவந்த பிரதமர் பண்டாரநாயக்காவுடனேயே செல்வநாயகம் மேசைக்கு எதிரெதிராக அமர்ந்தார். 1957 ஜூலை 26இல் ஒப்பந்தம் கையொப்பமாயிற்று. வட மாகாணத்துக்கு ஒரு பிராந்திய சபை. கிழக்குக்கு இரண்டோ அதற்கு மேலோ. அவை மாகாண எல்லை கடந்து இணையவும் வழி. வேளாண்மை, கல்வி, காணி, குடியேற்றம் முதலியவற்றில் அதிகாரம். வடகிழக்கின் நிருவாகம் தமிழில். கூட்டாட்சி கேட்டவர் அதனினும் மிகக் குறைந்ததற்கு உடன்பட்டார். அறிவித்திருந்த போராட்டத்தையும் கைவிட்டார்.

எதிர்க்கட்சியாகிய ஐக்கிய தேசியக் கட்சி சும்மா இருக்கவில்லை. ஜே. ஆர். ஜெயவர்த்தனா கண்டிக்கு நடைப்பயணம் புறப்பட்டார். வாகனங்களில் சிங்கள ஸ்ரீ எழுத்து பொறிக்கப்பட்டதை எதிர்த்துத் தமிழரசுக் கட்சியும் தார் பூசும் போராட்டத்தில் இறங்கியது. உணர்ச்சிக்கு அது நியாயம். ஒப்பந்தத்தைக் காக்க வேண்டிய வேளையில் அது தேவைதானா என்ற ஐயம் எனக்கு உண்டு. 1958 ஏப்ரல் 9இல் பிக்குகள் பிரதமர் இல்லத்தின்முன் அமர்ந்து, ஒப்பந்தம் இரத்தாயிற்று என்பதை எழுத்திலேயே கேட்டுப் பெற்றனர். கையொப்பமிட்ட கையே அதனை எழுதிக் கொடுத்தது. அடுத்த மாதம் இனக்கலவரம் மூண்டது. மறு ஆண்டு பண்டாரநாயக்கா ஒரு பிக்குவின் துப்பாக்கிக்கு இரையானார்.

1960 மார்ச் தேர்தலில் எக்கட்சிக்கும் பெரும்பான்மை இல்லை. தமிழரசுக் கட்சியின் 15 இடங்கள் தராசின் முள்ளாயின. டட்லி சேனநாயக்கா கோரிக்கைகளை ஏற்கவில்லை. சுதந்திரக் கட்சி இசைவு காட்டியது. டட்லியின் அரசைச் செல்வநாயகம் வீழ்த்தினார். ஜூலையில் சிறிமாவோ பண்டாரநாயக்கா தனித்தே ஆளும் வலிமையுடன் வந்தார். வந்த பின்னர் இசைவு மறந்து போயிற்று. 1961 பிப்ரவரியில் யாழ்ப்பாணக் கச்சேரியின் முன் தொடங்கிய அறப்போர் இரு மாதம் நீடித்தது. அவசரநிலை வந்தது, செல்வநாயகம் பனாகொடை இராணுவ முகாமில் தடுத்து வைக்கப்பட்டார்.

1965 மார்ச்சில் டட்லியுடன் இரண்டாவது ஒப்பந்தம். மாவட்ட சபைகள், தமிழில் நிருவாகம், குடியேற்றத்தில் அம்மாவட்டத்தின் காணியற்றோர்க்கு முன்னுரிமை. தமிழரசுக் கட்சி அரசில் பங்கேற்றது, மு. திருச்செல்வம் அமைச்சரானார். செல்வநாயகம் எந்நாளும் அமைச்சர் பதவி ஏற்றதில்லை. இம்முறை எதிர்த்துக் கிளம்பியவர்கள் முன்பு ஒப்பந்தம் செய்தவர்களின் கட்சியினர். 1968இல் மாவட்ட சபைத் திட்டம் கைவிடப்பட்டது. தமிழரசுக் கட்சி அரசிலிருந்து வெளியேறியது. ஆளும்போது கொடுக்க முனைவதும் எதிரணியில் இருக்கும்போது தடுப்பதும் இரு கட்சிகளுக்கும் மாறிமாறி வாய்த்த வேடங்கள். அந்நாடகத்தைச் செல்வநாயகம் அறியாதவர் அல்லர். அறிந்தும் வாக்குப்பெட்டியைத் தவிர வேறு வழியைத் தேட அவர் மனம் ஒப்பவில்லை.

1972 மே மாதக் குடியரசு அரசமைப்பு சிங்களத்தை ஆட்சிமொழியாக்கி, பௌத்தத்துக்கு முதன்மை இடம் வழங்கியது. அக்டோபர் 2ஆம் நாள், காந்தியடிகள் பிறந்த நாளில், அவர் தம் இடத்தைத் துறந்து, இடைத்தேர்தலில் மக்கள் தீர்ப்பைக் கேட்டார். அரசு அத்தேர்தலை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இழுத்தடித்தது. நடுக்குவாத நோய் அவரை வாட்டியது, செவித்திறன் குன்றியது, முன்பே தாழ்ந்த குரல் அருகிருப்போர்க்கும் கேளாதாயிற்று. 1975 பிப்ரவரியில் அவர் 16,000க்கும் மேற்பட்ட வாக்கு வேறுபாட்டில் வென்றார்.

1976 மே 14இல் வட்டுக்கோட்டை மாநாடு தனிநாட்டுத் தீர்மானத்தை நிறைவேற்றியது. வாழ்நாளெல்லாம் கூட்டாட்சி கேட்டவர் அதற்குத் தலைமை தாங்கினார். மலையகத் தொழிலாளரின் தலைவர் தொண்டமான் அதனுடன் ஒத்துப்போகவில்லை. வடகிழக்கில் அமையும் தனிநாடு மலையகத் தமிழர்க்கு என்ன தரும்? எந்த மக்களுக்காக 1948இல் செல்வநாயகம் பிரிந்து வந்தாரோ, அம்மக்கள் இத்தீர்மானத்தின் எல்லைக்கு வெளியே நின்றனர். அவ்வாவணம் இளைஞரைச் சிறப்பாக விளித்துப் போராட்டத்துக்கு அழைத்தது. அச்சொற்களை அவர்கள் எப்படிப் பொருள்கொள்வர் என்பதைக் காண அவருக்கு ஓராண்டு ஆயுளும் எஞ்சவில்லை.

1977 ஏப்ரல் 26இல் மறைந்தார். கிறித்தவராகவே வாழ்ந்த அவரது உடல் யாழ்ப்பாண முற்றவெளியில் எரியூட்டப்பட்டது. ஜூலைத் தேர்தலில் தமிழர் விடுதலைக் கூட்டணி 18 இடங்கள் பெற்று முதன்மை எதிர்க்கட்சியாயிற்று. ஆறாண்டுகளில் கலவரமும் போரும் வந்தன. 1987 இந்திய இலங்கை ஒப்பந்தம் வழியாக மாகாண சபைகள் வந்தன. வடக்கும் கிழக்கும் இணைந்தன. 2006இல் நீதிமன்றத் தீர்ப்பு அவ்விணைப்பைப் பிரித்தது. போர் 2009இல் முடிந்தது. 2013 செப்டம்பரில் வட மாகாண சபைக்கு முதல் தேர்தல் நடந்தபோது, தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்தில் நின்று, 38இல் 30 இடங்களைப் பெற்றது. 1957 ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருந்த காணி அதிகாரம் அச்சபையின் கைக்கு முழுமையாக வந்து சேரவில்லை. 2018 அக்டோபரில் அச்சபையின் காலமும் முடிந்தது.