42 வயசுல ரிட்டயர் ஆகலாமா?

போன செமஸ்டர்ல ஹாஸ்டல் ரூம்ல ஒரு சண்டை. ரோலிங் ஸ்டோன்ஸ் 2024-ல அமெரிக்கா முழுக்க டூர் போனாங்க இல்லையா, அந்த வீடியோ ஓடிக்கிட்டு இருந்துச்சு. மிக் ஜாகருக்கு அப்போ 80 வயசு. மேடையோட இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடிக்கு ஓடுறாரு. இந்த வயசுல இதெல்லாம் தேவையா, மரியாதையா வீட்ல உட்கார வேண்டியதுதானேன்னு என் ரூம்மேட். முடியிறவன் பாடுறான், உனக்கு என்னடான்னு நான். ராத்திரி ஒன்றரை மணி வரைக்கும் போச்சு. அடுத்த நாள் எங்க ரெண்டு பேருக்குமே ஆப்டிட்யூட் டெஸ்ட் இருந்துச்சு, அதை விடுங்க.

அந்தச் சண்டைக்கு நடுவுலதான் யூடியூப் தானாவே அடுத்த வீடியோவைப் போட்டுச்சு. 1977 ஜூன் 21, சவுத் டகோட்டா மாநிலத்தில் ரேபிட் சிட்டி. வெள்ளை டிரஸ்ல, முகமெல்லாம் வீங்கி, வியர்வை கொட்ட, ஒருத்தர் பியானோ முன்னாடி உட்கார்ந்திருக்கார். பக்கத்துல ஒருத்தர் மைக்கைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறார். பார்த்தா அறுபது வயசுக்காரர் மாதிரி இருந்தார். அது எல்விஸ் பிரெஸ்லி. வயசு 42.

பாட ஆரம்பிச்சார். ரூம்ல யாரும் பேசல.

அன்னைக்கு அப்புறம் ரெண்டு வாரம் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எழுத வேண்டிய நேரத்துல எல்விஸைப் பத்திப் படிச்சேன். அவர் ரிட்டயர் ஆகியிருக்கணுமா, கூடாதாங்கிற கேள்வி எங்க சண்டையை விடப் பெருசுன்னு அப்போதான் புரிஞ்சுது.

எல்விஸ் பிறந்தது 1935 ஜனவரி 8, மிசிசிப்பி மாநிலத்தில் டூப்பெலோ என்ற சின்ன ஊர். ரெண்டே அறை உள்ள மர வீடு. இரட்டைப் பிள்ளைகளில் ஒன்று இறந்தே பிறந்தது, இன்னொன்று இவர். அப்பா வெர்னனுக்கு நிலையான வேலை கிடையாது. ஒரு காசோலையில் தொகையை மாற்றி எழுதிய குற்றத்துக்காகச் சிறைக்குப் போனார், அப்போ எல்விஸுக்கு மூணு வயசு. அம்மா கிளாடிஸ்தான் பையனுக்கு எல்லாமே. 11 வயசுப் பிறந்த நாளுக்கு ஒரு கிடார் கிடைச்சுது. 1948-ல் குடும்பம் பிழைப்பு தேடி மெம்ஃபிஸ் நகருக்குப் போச்சு. பள்ளிக்கூடம் முடிச்சதும் ஒரு எலக்ட்ரிக் கம்பெனியில் லாரி ஓட்டினார்.

1953-ல் சன் ரெக்கார்ட்ஸ் ஸ்டுடியோவுக்குப் போய், கைக்காசைக் கொடுத்து, தன் குரலை ஒரு தட்டில் பதிவு பண்ணிக்கிட்டார். அடுத்த வருஷம் ஜூலையில், அதே ஸ்டுடியோவின் முதலாளி சாம் ஃபிலிப்ஸ் அவரை வச்சு எடுத்த முதல் பாட்டு மெம்ஃபிஸ் ரேடியோவில் வந்துச்சு. கறுப்பின மக்களின் ப்ளூஸ் பாட்டை, வெள்ளைக்காரர்களின் கன்ட்ரி இசையோடு கலந்து, பாதி விளையாட்டா பாடினது அது. 1955 கடைசியில் ஆர்.சி.ஏ. கம்பெனி 35,000 டாலர் கொடுத்து அவரோட ஒப்பந்தத்தை வாங்குச்சு. 1956 முடியிறதுக்குள்ள அமெரிக்காவில் அவர் பேர் தெரியாத வீடு இல்லை. இடுப்பை ஆட்டி ஆடுறார்னு பெற்றோர்கள் கொதிச்சாங்க. 1957 ஜனவரியில் எட் சல்லிவன் டிவி நிகழ்ச்சியில் அவரை இடுப்புக்கு மேலதான் காட்டினாங்க. கேமராவுக்கே சென்சார்!

இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. எனக்குத் தெரியாம இருந்தது இதுக்கு அப்புறம்.

1958-ல் ராணுவத்தில் சேர்ந்தார். அதே வருஷம் ஆகஸ்ட்ல அம்மா இறந்துட்டாங்க. 1960-ல் திரும்பி வந்தார். 1961 மார்ச்சில், பேர்ல் ஹார்பரில் மூழ்கிய அரிசோனா கப்பலுக்கு நினைவிடம் கட்ட நிதி திரட்ட ஹவாயில் ஒரு கச்சேரி பண்ணார். அதோட சரி. அடுத்த ஏழு வருஷம் கச்சேரி மேடையே ஏறல. அதாவது 26 வயசுல மேடையை விட்டு ரிட்டயர் ஆயிட்டார்னு சொல்லலாம்.

அந்த ஏழு வருஷம் என்ன பண்ணார்? சினிமா. வாழ்நாளில் மொத்தம் 31 படங்கள் நடிச்சார், அதுல பெரும்பாலானது இந்தக் காலத்துல வந்ததுதான். கடற்கரை, கார், ஒரு பொண்ணு, பத்து பாட்டு. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கிறது கஷ்டம் (நான் மூணு பார்த்தேன், நாலாவது முடியல). காசு வந்துச்சு. ஆனா இந்தப் பக்கம் பீட்டில்ஸ் வந்து உலகத்தையே மாத்திட்டு இருந்தாங்க, எல்விஸ் பழைய ஆள் ஆயிட்டார். முப்பது வயசுல!

ஸோ, ரிட்டயர் ஆனா மரியாதை மிஞ்சும்னு சொல்ற என் ரூம்மேட்டுக்கு முதல் பதில் இங்கேயே இருக்கு. எல்விஸ் ஒரு தடவை மேடையை விட்டுப் பார்த்தவர்தான். அவரைச் சின்னவர் ஆக்கினதே அந்த ஏழு வருஷம்தான்.

1968-ல் என்.பி.சி. டிவிக்காக ஒரு கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி பண்ணச் சொல்லி ஏற்பாடு. மேனேஜர் கர்னல் பார்க்கருக்கு ஆசை, எல்விஸ் கிறிஸ்துமஸ் பாட்டா பாடிட்டுப் போகணும். ஸ்டீவ் பைண்டர்னு இளம் இயக்குநர் வேற மாதிரி யோசிச்சார். சின்னதா, குத்துச்சண்டை மேடை மாதிரி சதுரமான ஒரு மேடை. சுத்தி ரசிகர்கள், கை நீட்டினா தொடுற தூரத்தில். கறுப்புத் தோல் உடையில் எல்விஸ், கூட பழைய கிடாரிஸ்ட் ஸ்காட்டி மூர், டிரம்மர் டி.ஜே. ஃபொன்டானா. ஏழு வருஷம் கழிச்சு மனுஷங்க முன்னாடி பாடுறார். ஆரம்பத்தில் கை நடுங்குறது வீடியோவுல தெரியுது. ஐந்து நிமிஷத்துல அந்த நடுக்கம் போயிடுது. சிரிக்கிறார், பாட்டை நடுவுல நிறுத்துறார், தன்னையே கிண்டல் பண்ணிக்கிறார். டிசம்பர் 3-ம் தேதி ஒளிபரப்பானது. இதைப் பார்த்துட்டு யாராவது மேடை இவருக்குக் கெடுதல்னு சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன்.

1969 ஜூலை 31-ல் லாஸ் வேகாஸ் இன்டர்நேஷனல் ஹோட்டலில் ஆரம்பிச்சார். நாலு வாரத்தில் 57 ஷோ. டிக்கெட் கிடைக்கல. ஹோட்டல் உடனே வருஷத்துக்கு 10 லட்சம் டாலர்னு ஐந்து வருஷ ஒப்பந்தம் போட்டுது. வருஷத்துக்கு ரெண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் நாலு வாரம், பெரும்பாலும் ராத்திரிக்கு ரெண்டு ஷோ.

இங்கதான் நான் எல்விஸை விட்டுட்டு பார்க்கரைப் பார்க்க ஆரம்பிச்சேன். பேருக்குத்தான் கர்னல். டாம் பார்க்கர்ங்கிற பேரே அவர் வச்சுக்கிட்டதுதான். நெதர்லாந்தில் பிறந்து, முறையான ஆவணம் இல்லாம அமெரிக்காவில் குடியேறினவர், அமெரிக்க பாஸ்போர்ட் கிடையாது. ஐரோப்பா, ஜப்பான்னு எல்லா இடத்துல இருந்தும் எல்விஸைக் கூப்பிட்டாங்க. கனடாவில் 1957-ல் பண்ண ஒரு சில கச்சேரிகளைத் தவிர எல்விஸ் அமெரிக்காவுக்கு வெளியே பாடினதே இல்லை. நாட்டை விட்டுப் போனா திரும்ப வர முடியாதுன்னு பார்க்கர் பயந்ததுதான் காரணம்னு பலர் எழுதியிருக்காங்க. அதுக்கு மேல பார்க்கருக்குச் சூதாட்டப் பழக்கம். எல்விஸ் பாடுற அதே ஹோட்டலோட கேசினோவில் பெரும் தொகை இழந்துட்டு இருந்தார். பாடகர் மேல மாடியில், கடன்காரர் கீழ் மாடியில். எல்விஸ் வேகாஸை விட்டு வெளிய வரணும்னு நினைச்சாலும் யார் விடுவாங்க?

1973 ஜனவரியில் ஹவாயில் இருந்து சாட்டிலைட் மூலம் பல நாடுகளுக்குப் போன நிகழ்ச்சிதான் உச்சம். ஒல்லியா, வெள்ளை உடையில், கழுகுச் சின்னத்தோட, கம்பீரமா இருந்தார். அதே வருஷம் மார்ச்சில் அதுவரை பாடின பாட்டுகளோட எதிர்கால ராயல்டி உரிமையை ஆர்.சி.ஏ.வுக்கு 54 லட்சம் டாலருக்கு வித்துட்டாங்க. அதுல ஏறக்குறைய பாதி பார்க்கருக்கு. இந்த ஒரு கையெழுத்துதான் அவர் தலையெழுத்துன்னு நினைக்கிறேன். பழைய பாட்டுல இருந்து இனி காசு வராது. கிரேஸ்லேண்ட் வீடு, சொந்த விமானம், அப்பா, சொந்தக்காரங்க, மெய்க்காப்பாளர்கள், இசைக்குழு, கேட்டவங்களுக்கெல்லாம் கார் வாங்கிக் கொடுக்கிற கை... எல்லாத்துக்கும் இனி மேடை ஏறினாத்தான் காசு. அதே அக்டோபரில் பிரிசில்லாவோட விவாகரத்தும் முடிஞ்சுது. அந்த வருஷம் மட்டும் ஏறக்குறைய 170 கச்சேரி.

நான் இ.இ.இ. அதனால இது தோணாம இருக்காது: மோட்டார் நேம்பிளேட்டில் டியூட்டின்னு ஒண்ணு போட்டிருக்கும். விட்டு விட்டு ஓட வேண்டிய மோட்டாரை நிறுத்தாம ஓட்டினா, அது வயசாகி எரியறதில்லை. ஆறுறதுக்கு நேரம் கிடைக்காம எரியுது.

தூங்க ஒரு மாத்திரை, எழுந்துக்க ஒரு மாத்திரை, வலிக்கு ஊசி. கண்ணில் கிளாக்கோமா, ரத்த அழுத்தம், குடலில் பிரச்னை. எல்லாம் டாக்டர் எழுதிக் கொடுத்ததுதான், அதனால தப்பில்லைன்னு எல்விஸ் நம்பினார். தெருவுல போதை மருந்து விக்கிறவங்களை அவருக்குப் பிடிக்காது, அதான் கொடுமை. 1977-ன் முதல் எட்டு மாசத்தில் மட்டும் அவர் பேரில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாத்திரை, ஊசிகள் எழுதப்பட்டதா பின்னாடி விசாரணையில் வந்துச்சு. அந்த டாக்டரோட லைசென்ஸ் பல வருஷம் கழிச்சு ரத்தாச்சு. 1976-ல் ஸ்டுடியோவுக்கே வர மாட்டேன்னுட்டார். ஆர்.சி.ஏ. ரெக்கார்டிங் வண்டியை கிரேஸ்லேண்டுக்கே அனுப்பி, வீட்டு ஹாலில் வச்சுப் பதிவு பண்ணாங்க. ஸ்டுடியோவுக்குப் போகாதவர் அந்த வருஷமும் நூற்றுக்கு மேல கச்சேரி பண்ணார்.

சுத்தி இருந்தவங்க யாருமே நிறுத்தச் சொல்லலையா? சில பேர் சொன்னாங்க, அவர் கேட்கல. பார்க்கருக்குக் கச்சேரி வருமானத்தில் பாதி போகுது, அவர் சொல்லப் போறதில்லை. அப்பாவும் சம்பளப் பட்டியலில் இருக்கார். எல்விஸ் நின்னா முப்பது நாப்பது குடும்பத்துக்கு அடுப்பு நிக்கும். எங்க பெரியப்பா லைட் மியூசிக் ட்ரூப்ல டிரம்ஸ் வாசிக்கிறவர், 61 வயசு, மணிக்கட்டு வலி. சீசன் வந்தா இன்னும் போறார். ஏன்னு கேட்டா வாசிக்காம இருக்க முடியலங்கிறது பாதி, அட்வான்ஸ் வாங்கியாச்சுங்கிறது மீதி. எது எவ்வளவுன்னு அவருக்கே தெரியாது. எல்விஸுக்கும் தெரிஞ்சிருக்காதுன்னு நினைக்கிறேன்.

1977 ஜூனில் சி.பி.எஸ். டிவி, ஒமாஹாவிலும் ரேபிட் சிட்டியிலும் கச்சேரியைப் படம் பிடிச்சுது. அந்த நிகழ்ச்சியைப் பார்க்கிறது கஷ்டம். ஆயிரம் தடவை பாடின பாட்டுக்கு நடுவுல வர்ற பேச்சுப் பகுதியில் வார்த்தை குழறுது, தானே சிரிச்சுச் சமாளிக்கிறார். இன்னொரு பாட்டைக் காகிதத்தைப் பார்த்துப் பாடுறார். என் ரூம்மேட் அப்போ என்னைப் பார்த்தான், ஒண்ணும் சொல்லல. சொல்லியிருந்தா அவன் பக்கம் நியாயம் இருக்குன்னு ஒத்துக்கிட்டிருப்பேன்.

ஆனா அதே ரேபிட் சிட்டியில்தான் நாங்க முதல்ல பார்த்த அந்த பியானோ பாட்டும். அன்செயின்டு மெலடி. பின்னணி இசை பெருசா ஒண்ணும் இல்ல. பழைய நண்பர் சார்லி ஹாட்ஜ் மைக்கைப் பிடிச்சிருக்கார். உடம்பு மொத்தமும் போயாச்சு, குரல் மட்டும் போகல. மேல் ஸ்தாயிக்குப் போகும்போது இந்தத் தடவை உடைஞ்சுடும்னு நினைக்கிறோம், உடையல. முடிச்சதும் குழந்தை மாதிரி ஒரு சிரிப்பு. 1968-ல் பார்த்த அதே சிரிப்பு. இதைப் பாட விடாம வீட்ல உட்கார வச்சிருந்தா அவர் இன்னும் சீக்கிரம் போயிருப்பார்னுதான் எனக்குத் தோணுது. ரெண்டு வருஷம் ஓய்வு, நல்ல சிகிச்சை, அப்புறம் மாசத்துக்கு ரெண்டு கச்சேரி, சின்ன மேடை, ஒரு பியானோ. ரிட்டயர்மென்டுக்கும் ராத்திரிக்கு ரெண்டு ஷோவுக்கும் நடுவுல எவ்வளவு இடம் இருந்துச்சு! அந்த இடத்தை யாரும் அவருக்குக் காட்டல, அவரும் கேட்கல.

ஜூன் 26, இண்டியானாபொலிஸ், மார்க்கெட் ஸ்கொயர் அரீனா. சுமார் 18,000 பேர். அப்பாவை மேடைக்குக் கூப்பிட்டு அறிமுகப்படுத்தினார். எப்பவும் முடிக்கிற பாட்டோடவே முடிச்சார். அதுதான் கடைசிக் கச்சேரின்னு யாருக்கும் தெரியாது, அவருக்கும்.

அடுத்த டூர் ஆகஸ்ட் 17-ம் தேதி மெய்ன் மாநிலத்தில் போர்ட்லாந்தில் ஆரம்பிக்க வேண்டியது. 16-ம் தேதி விடியற்காலையில் கிரேஸ்லேண்டில் ராக்கெட்பால் ஆடிட்டு, அங்க இருந்த பியானோவில் ஒன்றிரண்டு பாட்டு பாடினார். மத்தியானம் குளியலறைத் தரையில் கிடந்தவரைத்தான் பார்த்தாங்க. இசைக்குழுவில் சில பேர் அப்போ போர்ட்லாந்துக்கு விமானத்தில் வந்துக்கிட்டு இருந்தாங்க. பார்க்கர் முன்னாடியே அங்க போய்ச் சேர்ந்து டிக்கெட் வேலைகளைப் பார்த்துக்கிட்டு இருந்தார். செய்தி கேட்டதும் கிளம்பி வந்தார். எல்விஸ் படம் போட்ட போஸ்டர், டி-ஷர்ட் விக்கிற உரிமைக்கான ஒப்பந்தம் அந்த வாரமே கையெழுத்தாச்சு. சி.பி.எஸ். நிகழ்ச்சி அக்டோபர் 3-ம் தேதி ஒளிபரப்பானது.