கட்டணச் சலுகை மட்டும் போதாது

பின்தங்கிய பகுதிப் பள்ளிகளுக்கு அரசு எவ்வளவு செலவிட வேண்டும் என்ற விவாதம் எழும்போதெல்லாம் கோலாப்பூர் மன்னர் சாகு மகாராஜ் நினைவுக்கு வருகிறார். எவ்வளவு என்பதோடு, எதற்காக என்ற கேள்வியையும் எழுப்பிய ஆட்சியாளர் அவர்.

1874-இல் காகல் என்ற ஊரில் யஷ்வந்த்ராவ் காட்கே என்ற பெயரில் பிறந்த அவரைப் பத்து வயதில் அரச குடும்பம் தத்தெடுத்தது. 1894-இல் ஆட்சிப் பொறுப்பேற்றபோது, சமஸ்தானப் பொது நிர்வாகத்தின் 71 பதவிகளில் 60 பிராமண வகுப்பினரிடம் இருந்தன. மற்ற வகுப்புகளில் படித்தவர்கள் மிகச் சிலரே.

கிராமத்துப் பிள்ளை தொடக்கக் கல்விக்கு மேல் படிக்க நகரத்துக்கு வர வேண்டும். வந்தால் தங்க இடமில்லை, உணவுக்கு வழியில்லை. தீண்டத்தகாதோர் என ஒதுக்கப்பட்ட வகுப்புப் பிள்ளைக்கோ வாடகை கொடுத்தாலும் அறை கிடைக்காது. பொருளாதாரத்தில் இதை மறைமுகச் செலவு என்போம். ஏழைக் குடும்பத்துக்கு அது கட்டணத்தைவிடப் பெரியது. ஆகவே சாகு விடுதிகளில் தொடங்கினார். 1901-இல் மராத்தா மாணவர் விடுதி எழுந்தது. சமணர், லிங்காயத்துகள், முஸ்லிம்களுக்கும் அடுத்தடுத்து விடுதிகள் அமைந்தன. ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்காக 1908-இல் மிஸ் கிளார்க் விடுதி வந்தது. சாதிவாரி விடுதிகள் சாதியை நிலைநிறுத்தாதா என்ற கேள்வி நியாயமானதே. ஆனால், பொது விடுதியின் கதவு எல்லோருக்கும் உண்மையிலேயே திறந்திருக்காத காலம் அது.

படித்தால் பயன் உண்டு என்ற நம்பிக்கை இல்லாத இடத்தில் எந்தப் பெற்றோரும் வயலிலிருந்து பிள்ளையை விடுவிக்க மாட்டார்கள். 1902 ஜூலை 26-ஆம் நாள் வெளியான ஆணை, காலியாகும் அரசுப் பணிகளில் 50 சதவீதத்தைப் பின்தங்கிய வகுப்பினருக்கு ஒதுக்கியது. பத்தாண்டுகளில், 1912-இல், 95 பதவிகளில் பிராமணர் 35 பேர் என்ற நிலை ஏற்பட்டது.

கட்டாயத் தொடக்கக் கல்வி இதற்குப் பிறகே வந்தது. கோகலே கொண்டுவந்த மசோதா பேரரசின் சட்டமன்றத்தில் 1912-இல் தோற்றது. செலவு தாங்காது என்பது எதிர்ப்புக்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. அந்தப் பேரரசின் நிழலில் இருந்த ஒரு சிறு சமஸ்தானம் 1917-இல் தொடக்கக் கல்வியை இலவசமாகவும் கட்டாயமாகவும் ஆக்கியது. பிள்ளையை அனுப்பாத பெற்றோருக்கு மாதம் ஒரு ரூபாய் அபராதம். கூலிக் குடும்பத்துக்கு இது கடுமையானது என்றே எனக்குத் தோன்றுகிறது.

1919-இல் அவர் இன்னும் துணிந்தார். ஒடுக்கப்பட்ட வகுப்புப் பிள்ளைகளுக்கான தனிப் பள்ளிகளை மூடி, அவர்களை அரசின் பொதுப் பள்ளிகளிலேயே சேர்க்க ஆணையிட்டார். விடுதியில் தனித்தனி, வகுப்பறையில் ஒன்றாக என்பது முரணாகத் தோன்றலாம். விடுதி தடையைத் தாண்ட உதவும் படி. தனிப் பள்ளியோ தடையின் மறுவடிவம். இந்த வேறுபாட்டை அவர் அறிந்திருந்தார்.

1920 மார்ச்சில் மாண்காவ் மாநாட்டுக்கு இளம் அம்பேத்கர் தலைமை வகித்தபோது, சாகுவும் அங்கு சென்று அவரை ஆதரித்துப் பேசினார். இலண்டனில் அம்பேத்கர் படிப்பைத் தொடரவும் பொருளுதவி செய்தார். 1922 மே 6-ஆம் நாள் பம்பாயில் காலமானபோது அவருக்கு 48 வயது நிறையவில்லை.