ஜோசப் பிராமா

இங்கிலாந்தின் யார்க்சயர் பகுதியில் ஸ்டெயின்பரோ என்னும் சிற்றூர் உளது. 1748ஆம் ஆண்டில் அவ்வூரில் உழவர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் ஜோசப் பிராமா. இளமையில் அவருக்குக் கால் ஊனமுற்றது. கழனி வேலை இயலாது போகவே, அவர் தச்சுத் தொழில் பயின்றார். பின்னர் இலண்டன் மாநகர் சென்று பட்டறை அமைத்தார். 1784இல் அவர் உரிமை பெற்ற பூட்டு பெரும்புகழ் எய்தியது. அதனைச் சாவியின்றித் திறப்போர்க்கு 200 கினி பரிசு என அறிவிக்கப்பட்டது. அவர் வாழ்நாளில் அப்பரிசைப் பெற்றார் எவருமிலர்.

1795இல் பிராமா நீரழுத்த எந்திரத்தைப் படைத்தார். அடைபட்ட நீரில் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்பது பாஸ்கல் என்னும் பிரெஞ்சு அறிஞர் கண்ட உண்மை. சிறு குழாயையும் அதனினும் நூறு மடங்கு பரப்புள்ள பெருங்குழாயையும் நீரால் இணைத்தால், சிறு தண்டின்மேல் வைத்த ஒரு பவுண்டு விசை, பெருந்தண்டில் நூறு பவுண்டைத் தாங்கும். ஆயின் பெருந்தண்டு ஓர் அங்குலம் உயர, சிறு தண்டு நூறு அங்குலம் இறங்க வேண்டும்.

எந்திரத்தில் ஓர் இடர் நேர்ந்தது. தண்டைச் சுற்றி நீர் கசிந்தது. கசியாதவாறு இறுக்கினால் தண்டே அசையவில்லை. பட்டறையில் பணிபுரிந்த ஹென்றி மாட்ஸ்லே என்னும் இளைஞர், கிண்ணம் போன்ற தோல் வளையம் ஒன்றை அமைத்து அவ்விடரைத் தீர்த்தார் என்பர். நீர் அழுத்தும்போது வளையம் தானே விரிந்து இறுகும். அழுத்தம் நீங்கினால் தளரும். ஆயினும் 1797இல் மாட்ஸ்லே ஊதிய உயர்வு வேண்டியபோது பிராமா மறுத்துவிட்டார். அரிய தொழிலாளர் பிரிந்து சென்றார். அறிஞர்க்கும் இத்தகைய குறை உண்டு.

தம் எந்திரத்தால் காட்டு மரங்களை வேரொடு பெயர்க்கும் பணியை மேற்பார்வையிட்டபோது பிராமா குளிரால் நோயுற்று, 1814இல் காலமானார்.

1849இல் வேல்சு நாட்டு மெனாய் நீரிணையின் மீது பாலம் அமைக்க, ஆயிரம் டன்னுக்கும் மிகுந்த இரும்புக் கூட்டினை இவ்வகை எந்திரத்தால் தூக்கினர். கூடு உயர உயர, அதன் அடியில் முட்டுக் கொடுத்து வருமாறு பொறியாளர் ராபர்ட் ஸ்டீபன்சன் பணித்திருந்தார். திடீரென எந்திர உருளையின் அடிப்பாகம் உடைந்து வீழ்ந்தது. தொழிலாளர் ஒருவர் உயிரிழந்தார். ஆனால் கூடு சில அங்குலமே இறங்கி, முட்டின்மேல் நின்றது, பாலம் தப்பியது.

இன்று உந்துவண்டியைத் தூக்கும் ஜாக்கியும் பிராமாவின் எந்திரத்தின் வழிவந்ததே. நீருக்கு மாறாக எண்ணெயும், தோலுக்கு மாறாக இரப்பர் வளையமும் அதில் உள்ளன. தூசியும் துருவும் வளையத்தைக் கெடுக்கும். ஆதலின் தண்டைத் துடைத்து, இறக்கிய நிலையில் வைத்தல் வேண்டும். எண்ணெய் கசியும் ஜாக்கியைப் பழுது பார்க்காமல் பயன்படுத்தலாகாது. அதில் குறித்த அளவுக்கு மேல் பளு ஏற்றலாகாது. உறுதியான சமதரையில் ஜாக்கியை நிறுத்தி, தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு அடைகட்டை இடுதல் வேண்டும். தூக்கிய வண்டிக்கு வலிய தாங்கி வைக்காமல் எவரும் அதன் அடியில் புகுதல் கூடாது. தூக்குவது எந்திரத்தின் தொழில். தாங்குவது முட்டின் தொழில். இதனை மறவாதவரே உயிரைக் காப்பர்.