காதுக்குப் பின்னால் ஒரு நட்சத்திரம்: டாக்டர் பால் புரோக்கா (1824–1880)



இதைப் படிக்கும்போதே ஒரு சின்ன வேலை செய்யுங்கள். பிடரிக்கு மேலே, தலையின் பின்பக்க நடுவில் விரலால் தடவிப் பாருங்கள். ஒரு சிறு மேடு தட்டுப்படும். மருத்துவர்கள் அதை இனியன் என்பார்கள். நம் வீட்டுப் பிள்ளையின் பெயர் போல ஒலித்தாலும் இது கிரேக்கச் சொல். அங்கிருந்து விரலைக் காதுப் பக்கமாக நகர்த்துங்கள். காதுக்குப் பின்னால் உள்ள கெட்டி எலும்புக்குச் சற்று மேலே, மண்டையின் மூன்று எலும்புகள் சந்திக்கின்றன. விரலுக்கு அது தெரியாது. வெறும் மண்டை ஓட்டில் பார்த்தால், மூன்று கோடுகள் கூடி நட்சத்திரம் போலத் தெரியும். அதனால் அதற்கு ஆஸ்டீரியன் என்று பெயர்.

இப்படிப்பட்ட புள்ளிகளை ஒழுங்குபடுத்தி, அளக்கும் முறையையும் வகுத்துத் தந்தவர்களில் முதன்மையானவர் பிரெஞ்சு மருத்துவர் பால் புரோக்கா.

பிரான்சின் தென்மேற்கில், போர்தோ நகரத்துக்கு அருகில் உள்ள சிற்றூரில் 1824 ஜூன் 28 அன்று பிறந்தார். தந்தையும் டாக்டர்தான். 17 வயதில் பாரிஸ் மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். பிற்காலத்தில் அங்கேயே பேராசிரியரானார். 1859-ல் பாரிஸ் மானிடவியல் சங்கத்தைத் தொடங்கினார்.

அவருக்குப் புகழ் தேடித் தந்தவர் ஓர் ஏழை நோயாளி. லெபோர்ன் என்ற அந்த மனிதர் பேச்சிழந்து, 20 ஆண்டுகளுக்கும் மேலாக பிசேத்ர் மருத்துவமனையில் இருந்தார். பிறர் பேசுவது புரியும். ஆனால் அவர் வாயிலிருந்து ஒரே ஓர் அசைதான் வரும். 1861 ஏப்ரலில் அவர் இறந்தார். மூளையைப் பரிசோதித்த புரோக்கா, இடது முன்பகுதியில் ஒரு மடிப்பு பழுதடைந்திருப்பதைக் கண்டார். பேச்சுக்கென்று மூளையில் ஓர் இடம் உண்டு என்ற கருத்து அதிலிருந்து வலுப்பெற்றது. இன்றும் அதற்குப் புரோக்கா பகுதி என்றே பெயர்.

அடுத்த கேள்வி எழுந்தது. மூளையில் இடம் தெரிந்தது சரி, மூடியிருக்கும் மண்டைக்கு வெளியே நின்று அந்த இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? இறந்தவர்களின் மண்டையில் துளையிட்டு, மரக் குச்சிகளைச் செருகி, எந்த எலும்புப் புள்ளிக்கு நேர் கீழே எந்த மடிப்பு இருக்கிறது என்று பொறுமையாகக் குறித்தார். தலையில் அடிபட்டுப் பேச்சிழந்த ஒருவருக்கு, அந்தக் கணக்கை நம்பி மண்டையைத் திறந்து சீழை வெளியேற்றினார். அந்த நோயாளி பிழைக்கவில்லை. ஆனால் எலும்பைப் பார்த்து மூளையில் இடம் குறிக்கும் வழி பிறந்துவிட்டது.

அந்த வழி இன்று வேறொன்றுக்கும் பயன்படுகிறது. மூளையிலிருந்து திரும்பும் இரத்தம், மண்டை ஓட்டின் உட்புறத்தை ஒட்டி ஓடும் பெரிய சிரைக் குழாய்கள் வழியாக வடிகிறது. இவற்றுக்கும் சைனஸ் என்றுதான் பெயர்; சளி பிடிக்கும் சைனஸோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். உச்சந்தலையின் நடுக்கோட்டில் ஒன்று பின்னோக்கி வருகிறது. இனியனுக்கு உட்புறமாக அது இரண்டாகப் பிரிந்து, பக்கவாட்டில் ஆஸ்டீரியன் வரை சென்று, அங்கே வளைந்து கழுத்துக்கு இறங்குகிறது. இவற்றின் சுவர் விறைப்பானது. கிழிந்தால் சுருங்கி மூடிக்கொள்ளாது. இரத்தம் கொட்டும், சில நேரம் காற்றும் உள்ளே புகுந்துவிடும். ஆகவே காதுக்குப் பின்னால் துளையிடும் அறுவை மருத்துவர், முதலில் இந்தப் புள்ளிகளைத் தேடுகிறார்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அவற்றை நம்புவதில்லை. ஆஸ்டீரியன் எல்லோருக்கும் ஒரே இடத்தில் அமைவதில்லை. சிலருக்குக் குழாய்க்குச் சற்று மேலே, சிலருக்குக் கீழே. அதனால் ஸ்கேன் படங்களோடும், கணினி வழிகாட்டியோடும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே துளையிடுகிறார்கள்.

இந்த எச்சரிக்கை புரோக்காவின் வாழ்க்கைக்கும் பொருந்தும். மண்டை ஓட்டை அளக்கக் கருவிகள் செய்த அதே மனிதர், மூளையின் அளவை வைத்து ஆண் பெண்ணையும் இனங்களையும் உயர்வு தாழ்வாக வரிசைப்படுத்த முயன்றார். அளவுகளைக் கவனமாகவே எடுத்தார். முடிவை முன்கூட்டியே மனதில் வைத்துக்கொண்டு எண்களை அதற்கேற்ப விளக்கினார். இன்றைய அறிவியல் அதை ஏற்பதில்லை.

1880-ல் செனட் உறுப்பினராகி, அதே ஆண்டு ஜூலையில் 56 வயதில் காலமானார். ஈபிள் கோபுரத்தில் பொறிக்கப்பட்ட 72 பெயர்களில் அவர் பெயரும் ஒன்று.

அவர் செய்த நல்ல காரியம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். லெபோர்னின் மூளையை அறுக்காமல் முழுதாகப் பாதுகாத்து வைத்தார். அதனால் 2007-ல் அதை எம்ஆர்ஐ ஸ்கேன் செய்ய முடிந்தது. பாதிப்பு அவர் கண்டதைவிட ஆழமாகப் பரவியிருந்தது தெரிந்தது. பின்னால் வருபவர்கள் தம்மைத் திருத்த அவரே வழி விட்டுச் சென்றிருக்கிறார். அவருடைய புள்ளிகளை இன்றைய மருத்துவர்கள் பயன்படுத்துவதும் அப்படித்தான்: மதிப்போடு எடுத்துக்கொள்கிறார்கள், ஒவ்வொரு தலையிலும் மறுபடி சரிபார்க்கிறார்கள்.