வைசிராயையும் விடவில்லை, நேருவையும் விடவில்லை! காயங்குளத்து சங்கரின் கதை

கன்னியாகுமரியில் கிளம்பும் நெடுஞ்சாலை நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் தாண்டி, திருவனந்தபுரம், கொல்லம் வழியாக வடக்கே போகிறது. கொல்லத்துக்கு வடக்கே அதே சாலையில் வருகிற ஊர் காயங்குளம். கோட்டயம், எர்ணாகுளம் என்று ரயிலில் போய் வருகிற நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு அது வெறும் ஒரு ஜங்ஷன். காப்பி குடிக்க இறங்குவார்கள், ஏறிவிடுவார்கள்.

அந்த ஊர்ப் பையன் ஒருவன் ஒரு காலத்தில் பென்சிலும் கையுமாக டெல்லிக்குப் போனான். வெள்ளைக்கார வைசிராயைக் கிண்டல் செய்து படம் போட்டான். காந்தியிடம் குட்டு வாங்கினான். பிரதமர் நேருவை ஆண்டுக்கணக்கில் வாரி வாரி விட்டான். அத்தனையும் செய்துவிட்டு, ஆட்சியில் இருந்தவர்களுக்கே சிநேகிதனாகவும் இருந்தான்!

அவர்தான் கேசவ சங்கர் பிள்ளை. உலகத்துக்கு வெறும் சங்கர். இந்தியக் கேலிச்சித்திரக் கலையின் தந்தை என்று பத்திரிகை உலகம் கொண்டாடும் மனிதர்.

தூங்கிய வாத்தியார்

சங்கர் பிறந்தது 1902 ஜூலை 31-ம் தேதி. அப்போது காயங்குளமும் நாகர்கோவிலும் ஒரே சமஸ்தானம். திருவிதாங்கூரில் ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜா ஆண்ட காலம். அந்தக் காலத்தில் காயங்குளத்துக்காரருக்கும் கோட்டாறுகாரருக்கும் ராஜா ஒருவர்தான், கச்சேரி ஒன்றுதான்.

பையன் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒருநாள் வாத்தியார் நாற்காலியிலேயே கண் அசந்துவிட்டார். மற்றப் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். சங்கர் மட்டும் கத்தவில்லை, ஓடவில்லை. காகிதத்தை எடுத்து வாத்தியார் தூங்குகிற கோலத்தை அப்படியே வரைந்துவிட்டான்.

படம் தலைமை ஆசிரியர் கைக்குப் போனது. அப்புறம் கேட்கவா வேண்டும்? அவருக்கு வந்ததே கோபம்! ஆனால் வீட்டில் நடந்தது வேறு. மாமா படத்தைப் பார்த்தார். பையனிடம் ஏதோ ஒன்று இருக்கிறது என்று அவருக்குப் பட்டது. திட்டவில்லை, தட்டிக் கொடுத்தார். சங்கரின் முதல் கேலிச்சித்திரம் என்று சொல்லப்படுவது அதுதான்.

வளர்ந்த பிறகு மாவேலிக்கரையில் ஓவியமும் கற்றார். நாடகம், சாரணர் படை என்று எல்லாவற்றிலும் தலையிடுகிற சுபாவம். திருவனந்தபுரம் மகாராஜா சயன்ஸ் காலேஜில் படித்து 1927-ல் பட்டம் வாங்கினார்.

பம்பாயில் கப்பல் கம்பெனி

பட்டம் வாங்கியாச்சு. அடுத்து வக்கீல் படிப்பு என்று பம்பாய்க்கு ரயில் ஏறினார். சட்டப் புத்தகம் மனசில் ஒட்டவில்லை. பாதியில் விட்டார். சிந்தியா கப்பல் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார்.

பகலில் ஆபீஸ் வேலை. மற்ற நேரமெல்லாம் படம். ஃப்ரீ பிரஸ் ஜர்னல், பாம்பே கிரானிக்கிள் பத்திரிகைகளுக்குப் படங்களை அனுப்பினார். வந்த படங்களைப் பார்த்து ஜனங்கள் சிரித்தார்கள். யார் இந்த சங்கர் என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள்.

விசாரித்தவர்களில் ஒருவர் போத்தன் ஜோசப். இவரும் திருவிதாங்கூர்க்காரர், செங்கன்னூர் ஆள். அப்போது டெல்லி ஹிந்துஸ்தான் டைம்ஸ் ஆசிரியர். 1932-ல் சங்கரை டெல்லிக்குக் கூப்பிட்டுப் பத்திரிகையின் சொந்த ஓவியராகவே வைத்துக்கொண்டார். கப்பல் கம்பெனிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு சங்கர் குடும்பத்தோடு டெல்லி போய்ச் சேர்ந்தார். 1946 வரை அங்கேதான் வேலை.

பத்திரிகையில் இருக்கும்போதே லண்டனுக்குப் போய் 14 மாதம் ஓவியப் பள்ளிகளில் பயிற்சி எடுத்தார். பெர்லின், ரோம், வியன்னா, ஜெனீவா, பாரிஸ் என்று ஒரு சுற்றும் சுற்றினார். திரும்பி வந்தபோது சுதந்திரப் போராட்டம் சூடாக இருந்தது.

காந்தியின் கண்டிப்பு

வைசிராய் வெலிங்டன் ஆகட்டும், அவருக்கு அடுத்து வந்த லின்லித்கோ ஆகட்டும், சங்கரின் பேனாவுக்குத் தப்பவில்லை. லின்லித்கோவை சுடுகாட்டில் நிற்கிற பத்ரகாளியாகவே அவர் வரைந்துவிட்டார் என்று ஒரு கதை டெல்லிப் பத்திரிகைக்காரர்கள் மத்தியில் உண்டு. அம்மன் கொடை பார்த்து வளர்ந்த நம்ம ஊர்க்காரர்களுக்கு அந்தக் கோலம் எப்படி இருந்திருக்கும் என்று சொல்லவே வேண்டாம். ஆனால் வைசிராய் சிறையில் போடவில்லை. ரசிக்கத்தான் செய்தார்.

வெள்ளைக்காரனிடம் வாங்காத குட்டை சங்கர் காந்தியிடம் வாங்கினார். 1939-ல் ஜின்னாவைப் பற்றி அவர் வரைந்த ஒரு படம் காந்திக்குப் பிடிக்கவில்லை. உடனே சங்கருக்குக் கடிதம் எழுதினார்.

படம் கலையில் குறைந்ததில்லை என்று காந்தி ஒத்துக்கொண்டார். ஆனால் உண்மை பிசகக்கூடாது, எதிராளியைப் புண்படுத்தாமல் சிரிக்க வைக்கத் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் இந்தத் தொழிலில் உயரத்துக்குப் போக முடியாது என்ற கருத்தில் நறுக்கென்று சொல்லிவிட்டார். படம் போடுகிறவன் நாட்டு நடப்பை நன்றாகப் படித்திருக்க வேண்டும், கேலியில் கொச்சை இருக்கக்கூடாது என்பதும் அவர் சொன்ன புத்தி.

இந்தக் கேள்வி சங்கரோடு முடியவில்லை. அவர் செத்து 22 வருஷம் கழித்து பார்லிமெண்டு வரைக்கும் போனது. அது பின்னால் வரும்.

நேருவே கேட்டுக்கொண்டார்

1948-ல் சங்கர் சொந்தமாகப் பத்திரிகை தொடங்கினார். பெயர் சங்கர்ஸ் வீக்லி. முழுக்க முழுக்க அரசியல் கிண்டலும் கேலிச்சித்திரமும். வாரத்தின் மனிதர் என்று ஒரு பகுதி. பெரிய தலைகள் ஒவ்வொன்றாக அதில் வந்து மாட்டிக்கொள்ளும்.

பத்திரிகையைத் தொடங்கி வைத்தவர் யார் தெரியுமா? பிரதமர் நேருதான். வாழ்த்திப் பேசியதோடு நிற்கவில்லை. மற்றவர்களை மட்டுமல்ல, தன்னையும் விட்டுவைக்கக் கூடாது என்று அவரே சங்கரைக் கேட்டுக்கொண்டார்.

சங்கர் சும்மா இருப்பாரா? பிரதமரின் வார்த்தையை ஒரு வாரம்கூட மறக்கவில்லை! நேருவைக் குட்டிப் பையனாகப் போட்டார், வித்தைக்காரராகப் போட்டார், திண்டாடுகிறவராகப் போட்டார். காலையில் அடித்த மனிதரோடு சாயங்காலம் சேர்ந்து டீ குடிக்கிற பழக்கம் அந்த இரண்டு பேருக்கும் இருந்தது. பின்னாளில் நேரு படங்களை மட்டும் தொகுத்து 1983-ல் தனிப் புத்தகமே வந்தது.

அந்தப் பத்திரிகை ஒரு பள்ளிக்கூடமாகவும் இருந்தது. குட்டி, அபு ஆபிரகாம், ஓ.வி.விஜயன், ரங்கா, யேசுதாசன் என்று நாடறிந்த ஓவியர்கள் பலர் அங்கே கை பழகியவர்கள்.

கடைசி ஓட்டம்

சங்கரின் படங்களில் ஒன்றைப் பற்றி டெல்லிக்காரர்கள் இன்றும் பேசுவார்கள். 1964 மே 17-ம் தேதி வந்த படம் அது.

நேரு மெலிந்து, களைத்து, கையில் தீப்பந்தத்தோடு கடைசிக் கட்ட ஓட்டம் ஓடுகிறார். பின்னால் குல்சாரிலால் நந்தா, லால்பகதூர் சாஸ்திரி, மொரார்ஜி தேசாய், கிருஷ்ண மேனன், இந்திரா காந்தி ஆகியோர் வருகிறார்கள். பந்தத்தை யார் வாங்கப் போகிறார் என்பதுதான் கேள்வி.

படம் வந்த பத்தாம் நாள், மே 27-ம் தேதி, நேரு மறைந்தார். காங்கிரஸ் தலைவர் காமராஜ் எல்லோரையும் கலந்து பேசினார். பந்தம் சாஸ்திரி கைக்குப் போனது. இரண்டே வருஷத்தில் இந்திரா கைக்கு வந்தது. இரண்டு பேருமே அந்தப் படத்தில் ஓடி வந்தவர்கள்!

பிள்ளைகளுக்கு ஒரு வீடு

பெரியவர்களை வாட்டிய அதே கை பிள்ளைகளைத் தடவிக் கொடுத்தது. 1949-ல் பிள்ளைகளுக்கென்று ஓவியப் போட்டி ஒன்றை சங்கர் ஆரம்பித்தார். அடுத்த வருஷமே வெளிநாட்டுப் பிள்ளைகளும் சேர்ந்தார்கள். போகப் போக நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து படங்கள் வந்து குவிந்தன. ஊர் ஊராகப் பள்ளிக்கூடங்களில் வாத்தியார்கள் வண்ணப் பெட்டியை எடுத்துப் பிள்ளைகளைப் படம் போட வைத்ததற்கு இந்தப் போட்டியும் ஒரு காரணம்.

1957-ல் சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்ட் என்ற பதிப்பகத்தை நிறுவினார். நம்ம நாட்டுப் பிள்ளைகளுக்கு நம்ம நாட்டுக் கதை, நம்ம நாட்டு ஓவியம், சாதாரண ஜனங்கள் வாங்குகிற விலை. இதுதான் திட்டம். தமிழில் அம்புலிமாமா 1947-லேயே வந்துவிட்டது என்றாலும், அமர் சித்திரக் கதை வந்தது 1967-ல். சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வந்து பையன்களை இரும்புக்கை மாயாவி பிடித்து ஆட்டியது 1972-ல். அதற்கெல்லாம் முன்னாலேயே வண்ணப் படப் புத்தகம் பிள்ளைகளின் உரிமை என்று நினைத்தவர் சங்கர்.

அவரே கதை எழுதிப் படமும் போட்டார். தாத்தாவோடு கழித்த சின்ன வயசை வைத்து ஒரு புத்தகம் எழுதினார். திருவிதாங்கூர்க் கிராமத்துக் குறும்புகள் அதில் மணக்கும். 1968-ல் சில்ட்ரன்ஸ் வேர்ல்டு என்ற பிள்ளைகள் பத்திரிகையும் தொடங்கினார்.

பொம்மைக் கதை இன்னும் விசேஷம். ஐம்பதுகளின் ஆரம்பத்தில் ஹங்கேரி நாட்டு பொம்மை ஒன்று அவர் கைக்கு வந்தது. அதிலிருந்து பைத்தியம் பிடித்துவிட்டது. போகிற நாட்டிலெல்லாம் பொம்மை சேர்த்தார். 1965-ல் டெல்லியில் அது சர்வதேச பொம்மை மியூசியமாகவே ஆனது. திறந்து வைத்தவர் ஜனாதிபதி ராதாகிருஷ்ணன். சுமார் 85 நாடுகளைச் சேர்ந்த ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பொம்மைகள் அங்கே சேர்ந்தன.

சிரிப்புக்குப் பூட்டு

1975 ஜூன் 25-ம் தேதி நெருக்கடி நிலை வந்தது. பத்திரிகைகளுக்குத் தணிக்கை. தலைவர்கள் சிறையில். அச்சுக்குப் போகிற ஒவ்வொரு பக்கமும் அதிகாரி கண்ணில் பட்டாக வேண்டும்.

அந்த ஆகஸ்ட் 31-ம் தேதி இதழோடு சங்கர்ஸ் வீக்லி நின்றது. 27 வருஷம் ஓடிய பத்திரிகை. சங்கருக்கு வயது 73. வயசும் அலுப்பும் காரணம் என்றார்கள் சிலர். ஆனால் கடைசித் தலையங்கம் வேறு எதையும் மறைக்கவில்லை. சர்வாதிகாரத்துக்குச் சிரிப்பு ஆகாது, ஜனங்கள் ஆளுகிறவனைப் பார்த்துச் சிரித்துவிடுவார்களே என்ற பயம் அதற்கு உண்டு என்பதுதான் அதன் சாரம். ஹிட்லர் காலத்து ஜெர்மனியில் நல்ல நகைச்சுவை பிறக்கவில்லை என்பதையும் அது நினைவுபடுத்தியது.

வேடிக்கை என்னவென்றால், அடுத்த வருஷமே அதே அரசு அவருக்கு பத்மவிபூஷண் கொடுத்தது. 1956-ல் பத்மஸ்ரீ, 1966-ல் பத்மபூஷண், 1976-ல் பத்மவிபூஷண். பத்து வருஷத்துக்கு ஒன்று! 1977-ல் போலந்து நாட்டுப் பிள்ளைகள் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் புன்னகை விருதும் வந்தது. பத்திரிகை போனாலும் பிள்ளைகள் வேலையை அவர் விடவில்லை. 1989 டிசம்பர் 26-ம் தேதி கண்ணை மூடும் வரை அதுதான் அவருக்கு மூச்சு.

நத்தை கிளப்பிய புயல்

2012 மே மாதம். செத்துப்போன சங்கர் மறுபடியும் தலைப்புச் செய்தி ஆனார்.

1949-ல் அவர் போட்ட ஒரு படம் 11-ம் வகுப்பு அரசியல் பாடப் புத்தகத்தில் இருந்தது. அரசியல் சட்டம் ஒரு நத்தை. அதன் மேல் அம்பேத்கர் சாட்டையோடு உட்கார்ந்திருக்கிறார். பின்னால் நேரு சாட்டையை ஓங்கிக்கொண்டு நிற்கிறார். சட்டம் எழுதி முடிக்கக் கிட்டத்தட்ட மூன்று வருஷம் ஆனது. அந்தத் தாமதத்தைத்தான் சங்கர் கிண்டல் செய்தார்.

ஆனால் தலித் மக்களின் கண்ணில் பட்டது நத்தை அல்ல, சாட்டை. உயர்சாதியில் பிறந்த ஒருவர் அம்பேத்கருக்குப் பின்னால் சாட்டை ஓங்குகிற படத்தை எங்கள் பிள்ளைகள் பாடமாகப் படிக்க வேண்டுமா என்று அவர்கள் கேட்டார்கள். மக்களவையில் இதைக் கிளப்பியவர் தமிழ்நாட்டு எம்.பி. தொல்.திருமாவளவன். சபை அமளிப்பட்டது. மந்திரி கபில் சிபல் வருத்தம் தெரிவித்து, படத்தை எடுப்பதாக அறிவித்தார். பாடநூல் ஆலோசகர்கள் யோகேந்திர யாதவும் சுகாஸ் பல்ஷிகரும் ராஜினாமா செய்தார்கள். புனேயில் பல்ஷிகரின் அலுவலகம் தாக்கப்பட்டது.

அம்பேத்கர் காலத்தில் அந்தப் படத்துக்கு இப்படி ஒரு கலவரம் நடக்கவில்லை, கேலிச்சித்திரத்தை வெட்டினால் நாளைக்கு எதை வெட்டுவார்கள் என்று ஒரு கட்சி கேட்டது. தலைமுறை தலைமுறையாக அடி வாங்கினவனுக்குச் சாட்டைப் படம் சிரிப்பு வராது என்று இன்னொரு கட்சி சொன்னது. இரண்டிலும் நியாயம் இருந்தது.

நேரு பெரிய இடத்துப் பிள்ளை, பிரதமர். அவரைக் கேலி செய்தால் அவர் சிரிக்கலாம், அவருக்கு நஷ்டம் இல்லை. எளியவனுக்கு மிஞ்சியிருப்பது மானம் ஒன்றுதான். அதில் கை வைத்தால் வலிக்கும். 1939-ல் காந்தி கடிதத்தில் தொட்ட இடம் இதுதான். சங்கர் போட்ட நூற்றுக்கணக்கான படங்களுக்கு நடுவில் அந்த ஒரு நத்தை மட்டும் இன்னும் ஊர்ந்துகொண்டிருப்பதற்குக் காரணமும் இதுதான்.

கிருஷ்ணபுரத்தில் மியூசியம்

1991-ல் சங்கர் நினைவாகத் தபால் துறை இரண்டு தபால்தலைகள் வெளியிட்டது. சொந்த ஊரும் மறக்கவில்லை. காயங்குளத்தை ஒட்டிய கிருஷ்ணபுரத்தில் 2014-ல் கேரள லலிதகலா அகாடமி அவர் பெயரில் தேசிய கார்ட்டூன் மியூசியம் திறந்தது. மார்த்தாண்ட வர்மா மகாராஜா பத்மநாபபுரத்திலிருந்து படை அனுப்பிக் காயங்குளத்தைப் பிடித்த காலத்தோடு தொடர்புள்ள அரண்மனையும் அந்த ஊரில்தான் இருக்கிறது.

பள்ளி லீவு விட்டால் குருவாயூர், எர்ணாகுளம் என்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிற நாஞ்சில் நாட்டுக் குடும்பங்கள் அந்த வழியாகத்தான் போக வேண்டும். கொஞ்ச நேரம் இறங்கிப் பார்க்கலாம். பிள்ளை வகுப்பில் வாத்தியார் படத்தைக் கிறுக்கி அடி வாங்கி வந்திருந்தால் கட்டாயம் கூட்டிக்கொண்டு போகலாம்!