காமர்லிங் ஓனஸும் நீலச்சட்டைப் பையன்களும்



மின்தடையே இல்லாத கம்பி கிடைத்தால் எவ்வளவு கரண்ட் வேண்டுமானாலும் அனுப்பலாம் என்றுதானே நாம் நினைப்போம்? அந்த அதிசயத்தைக் கண்டறிந்த ஹாலந்து மேதை ஹைக்கே காமர்லிங் ஓனஸும் முதலில் அப்படித்தான் நம்பினார்.

1853 செப்டம்பர் 21-ல் குரோனிங்கன் நகரில் பிறந்தவர். அப்பா செங்கல் சூளை நடத்தினார். 1882-ல் லைடன் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். நல்ல கருவி இல்லாமல் நல்ல ஆராய்ச்சி இல்லை என்று உணர்ந்து, 1901-ல் கருவி செய்வோருக்கென்றே ஒரு பள்ளியை முறைப்படி அமைத்தார். கண்ணாடி ஊதவும் உலோக வேலை செய்யவும் அங்கே பயின்றவர்கள் நீலச்சட்டைப் பையன்கள். நம்ம ஒர்க்‌ஷாப் மாதிரிதான்!

1908 ஜூலை 10-ல் உலகிலேயே முதன்முதலாக ஹீலியத்தைத் திரவமாக்கினார். அந்த இயந்திரத்தை உருவாக்கிய கைகள் ஃபிளிம் என்ற தொழில்நுட்பரின் கைகள். 1911-ல், சுமார் 4.2 கெல்வினில், பாதரசத்தின் மின்தடை சட்டென்று மறைந்தது. மீக்கடத்தி பிறந்தது! அளவெடுத்தவர் ஹோல்ஸ்ட், கட்டுரையில் ஆசிரியர் பெயர் ஓனஸ் மட்டுமே. 1913-ல் நோபல் பரிசும் அவருக்கே.

மீக்கடத்திச் சுருளால் 1 லட்சம் காஸ் காந்தம் செய்யக் கனவு கண்டார். நடக்கல. கரண்ட் ஓர் அளவைத் தாண்டியதும் மின்தடை திரும்பி வந்தது. ஈயத்தின் மீக்கடத்தலைக் கெடுக்கச் சுமார் 600 காஸ் காந்தப்புலமே போதும் என்று 1914-ல் தெரிந்தது. கனவு நிறைவேறாமலே 1926 பிப்ரவரி 21-ல் மறைந்தார்.

பின்னால் வந்த நியோபியம் கலவைகளும், 2008-ல் ஜப்பானில் 26 கெல்வினில் வேலை செய்த இரும்பு மீக்கடத்தியும் வேறு ரகம். இவற்றுக்குள் காந்தப் பாயம் மெல்லிய இழைகளாக நுழையும். கரண்ட் அந்த இழைகளைத் தள்ளும். இழை நகர்ந்தால் சூடு, மின்தடையும் வந்துவிடும். நகராமல் பிடிக்க, கம்பிக்குள் நுண்ணிய குறைகளை வேண்டுமென்றே வைக்கிறார்கள். ஈரத்தோல் சுருங்காமல் இருக்க எங்க ஆம்பூர் டேனரிகளில் அந்தக் காலத்தில் பலகையில் ஆணி அடிப்பார்களே, அது மாதிரி! வேலூர் சி.எம்.சி.யில் எம்.ஆர்.ஐ. காந்தம் 15,000 காஸ் தருவதும் இந்தப் பிடிமானத்தால்தான்.

எங்க வீட்டில் முதன்முதலா படிக்க வந்தவன் நான். டிப்ளமோதானா என்று கேட்பவர்கள் உண்டு. ஃபிளிம் இல்லாமல் ஓனஸ் இல்லை என்பதே என் பதில். நண்பர்களே, கைத்தொழிலைக் கற்போம். செய்த வேலையில் நம் பெயரையும் கேட்டு வாங்குவோம்!