பள்ளிக்கு வந்த செவிலி: லீனா ரோஜர்ஸ்

மருத்துவமனையில் தொண்டாற்றிய பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரை நாம் எல்லோரும் அறிவோம். பள்ளிக்கூடத்தில் தொண்டாற்றிப் புகழ்பெற்றவர் லீனா ரோஜர்ஸ் அம்மையார். அமெரிக்காவின் முதல் பள்ளிச் செவிலி அவரே.

1870-இல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பிறந்த லீனா, டொராண்டோ நகரக் குழந்தைகள் மருத்துவமனையில் 1894-இல் செவிலியர் பயிற்சியை முடித்தார். பின்பு நியூயார்க் சென்று, லில்லியன் வால்டு அம்மையார் நடத்திவந்த ஹென்றி தெரு இல்லத்தில் சேர்ந்தார். ஐரோப்பாவிலிருந்து பிழைக்க வந்த ஏழைக் குடும்பங்கள் ஒரே அறையில் பலராக நெருக்கிக்கொண்டு வாழ்ந்த பகுதி அது. அந்த இல்லத்துச் செவிலியர் வீடு வீடாகச் சென்று நோயாளிகளைக் கவனித்தனர்.

1897 முதல் அந்நகரப் பள்ளிகளுக்கு மருத்துவர்கள் வந்து மாணவர்களைச் சோதித்தார்கள். கண்நோய், சொறி, சிரங்கு, படர்தாமரை, பேன் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால் போதும், குழந்தை வீட்டிற்கு அனுப்பப்படும். மருந்து கொடுப்பார் இல்லை. தாய்க்கோ ஆங்கிலம் தெரியாது. சீட்டில் எழுதியிருப்பது என்னவென்றே புரியாது. அப்படி அனுப்பப்பட்ட பிள்ளைகள் மாலையில் அதே வகுப்புத் தோழர்களுடன் தெருவில் விளையாடினார்கள்! நோயும் தீரவில்லை, படிப்பும் நடக்கவில்லை. தலைப்புண் காரணமாகப் பன்னிரண்டு வயது வரை பள்ளியையே காணாத ஒரு சிறுவனை வால்டு அம்மையார் சந்தித்தார். அவரே களிம்பு தடவிக் குணப்படுத்தியபின் அவன் பள்ளியில் சேர்ந்தான். இத்தனை எளிதில் தீரும் நோய்க்காக ஒரு பிள்ளையின் படிப்பு வீணாவதை நினைத்தால் நமக்கே நெஞ்சு பதைக்கிறதல்லவா?

பள்ளியிலேயே ஒரு செவிலி இருந்தால் என்ன என்று வால்டு அம்மையார் நகர அதிகாரிகளிடம் கேட்டார். ஒரு மாதத்திற்குத் தம் இல்லத்துச் செவிலி ஒருவரைத் தருவதாகவும் சொன்னார். அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்தான் லீனா. 1902 அக்டோபர் 1-ஆம் தேதி நான்கு பள்ளிகளின் பொறுப்பை ஏற்றார். கண்ணைக் கழுவினார், புண்ணுக்குக் கட்டுப் போட்டார், குழந்தையை உடனே வகுப்புக்கு அனுப்பினார். பள்ளி வேலை முடிந்ததும், வராத பிள்ளைகளின் வீட்டுப் படிகளை ஏறினார். மருந்து போடும் முறையைத் தாய்மாருக்குச் செய்தே காட்டினார். பேனுக்கு அந்நாளில் மண்ணெண்ணெயும் ஆலிவ் எண்ணெயும் கலந்து தலையில் தேய்ப்பார்களாம். (தோழியரே, இதை யாரும் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம்!)

என்னைக் கேட்டால், அந்த வீட்டுப் படிகளை ஏறியதுதான் அவர் செய்த பெரிய காரியம். சில பிள்ளைகளுக்கு வராததன் காரணம் நோயே அன்று. போட்டுக்கொள்ளக் காலணி இருக்காது. இது பள்ளியில் உட்கார்ந்துகொண்டிருந்தால் தெரியுமா?

ஒரு மாத முயற்சி வெற்றி பெற்றது. நகர நிர்வாகமே மேலும் செவிலியரை நியமித்து, லீனாவை அவர்களுக்குத் தலைவியாக்கியது. 1902 செப்டம்பரில் நோயால் வெளியேற்றப்பட்ட மாணவர் எண்ணிக்கை 10,567. மறு ஆண்டு செப்டம்பரில் அது 1,101 ஆகக் குறைந்தது.

1910-இல் அவர் டொராண்டோ திரும்பி, அங்குள்ள பள்ளிச் செவிலியர்க்குத் தலைமை ஏற்றார். பள்ளி மருத்துவரான ஸ்ட்ரதர்ஸ் என்பவரை மணந்தார். தம் அனுபவங்களைக் கொண்டு பள்ளிச் செவிலியின் பணிகளை விளக்கும் நூலொன்றை எழுதி 1917-இல் வெளியிட்டார்.